பொட்டலத்தின் மேல் யார் பெயர்?

இந்தக் கட்டுரை மென்பொருளைப் பற்றியது. ஆனால் தேயிலையிலிருந்து தொடங்குகிறேன். நான் பிறந்து வளர்ந்தது கேமரன் மலையில் என்பது ஒரு காரணம். மென்பொருள் உலகில் முப்பது ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கும் ஒரு வழக்கைத் தேயிலை வணிகம் அதற்கு வெகுகாலம் முன்பே சந்தித்துவிட்டது என்பது இன்னொரு காரணம். வழக்கு இதுதான்: ஒருவர் விளைவித்த பொருளை இன்னொருவர் எடுத்து, தன் பொட்டலத்தில் கட்டி, தன் பெயரில் கொடுக்கலாமா? கொடுத்த பிறகு பொருளில் குறை இருந்தால் யார் பதில் சொல்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் தேயிலை மளிகைக் கடைகளில் உதிரியாகத்தான் விற்கப்பட்டது. கலப்படம் சாதாரணம். ஒருமுறை கொதிக்க வைத்த இலையைக் காயவைத்துச் சாயமேற்றி மறுபடி விற்பார்கள். வேறு செடிகளின் இலையையும் சேர்ப்பார்கள். 1826இல் ஜான் ஹார்னிமன் என்பவர் தேயிலையை முன்கூட்டியே நிறுத்து, காகிதப் பொட்டலத்தில் ஒட்டி, மூடி விற்கத் தொடங்கினார். அவர் தேயிலை விளைவித்தவர் அல்ல. பொட்டலம் கட்டியவர், அவ்வளவுதான். ஆனால் மூடிய பொட்டலத்தின் மேல் ஒரு பெயர் இருந்தது. குறை இருந்தால் அந்தப் பெயரைப் பிடித்துக் கேட்கலாம். கலப்படத்துக்கு மருந்தாகப் பிறந்ததுதான் பொட்டலம்.

பின்னர் 1869இல் புரூக் பாண்ட் வந்தது, அதன் பிறகு லிப்டன். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களின் தேயிலை மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு, பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயரும் தரமும் பொறிக்கப்பட்டு ஏலத்துக்குப் போகும். வாங்குபவர் பல தோட்டங்களின் தூளைக் கலந்து, வருஷம் முழுக்க மாறாத ஒரு சுவையை உண்டாக்கித் தன் பெயரில் விற்பார். குடிப்பவருக்கு நிலையான சுவையும் நம்பிக்கையும் கிடைத்தன. தோட்டத்தின் பெயர் மரப்பெட்டியோடு நின்றுபோனது. அந்தத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்களின் பெயர் பெட்டியின் மேல்கூட ஏறவில்லை.

கேமரன் மலையின் கதை கொஞ்சம் வேறு. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங்கின் மேற்கு எல்லையில் இந்த மேட்டுநிலத்தைக் குறித்து வைத்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து, போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் இன்று பாரத் என்று அறியப்படும் தோட்டம் தொடங்கியது. காட்டை அழித்துச் சரிவுகளில் செடி வைத்த கைகளில் பெரும்பகுதி தமிழர்களுடையவை. இங்கே விளைந்த தேயிலை நாட்டுக்குள்ளேயே, விளைவித்தவரின் பெயரிலேயே பொட்டலமாக விற்கப்பட்டது. தோட்டத்தின் பெயரும் பொட்டலத்தின் பெயரும் ஒன்று. மலேசியாவில் எந்தக் கடையில் பார்த்தாலும் இந்தப் பெயர்கள் தெரியும்.

ஆக, இரண்டு வழிகள். விளைவித்தவரே கட்டி நேரடியாகக் கொடுப்பது ஒன்று. நடுவில் ஒருவர் வாங்கி, சோதித்து, கலந்து, தன் பெயரில் கொடுப்பது இன்னொன்று. என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். எது நல்லது என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "தூளுக்கு வாய் கெடையாதுடா. பொட்டலத்துல பேரு போட்டவந்தான் பேசணும்" என்றார். மென்பொருள் வேலைக்கு வந்த பிறகு இந்த வாசகத்தின் அர்த்தம் எனக்கு இன்னும் தெளிவானது.

*

இனி மென்பொருளுக்கு வருவோம். கணினி மொழிகளில் நிரல் எழுதுபவர்கள் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட, படத்தைச் சிறிதாக்க, கோப்பைச் சுருக்க என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த துண்டு நிரல்கள் உண்டு. அவற்றை நிரலகம் என்போம், பேச்சில் லைப்ரரி. ஒவ்வொரு கணினி மொழிக்கும் இந்த நிரலகங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கிறது. அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்குக்கு 1992இல் சிடான் என்ற களஞ்சியம் வந்தது. அதைப் பார்த்து 1995இல் பெர்ல் மொழிக்கு சிபான் வந்தது. பைத்தானுக்கு 2003இல் பைபிஐ, ரூபிக்கு 2004இல் ரூபிஜெம்ஸ், ஜாவாஸ்கிரிப்டுக்கு 2010இல் என்பிஎம். இவையெல்லாம் முதல் வழி. எழுதியவர் தாமே கட்டி ஏற்றுகிறார், தேவைப்பட்டவர் நேரே இறக்கிக்கொள்கிறார்.

இரண்டாவது வழி லினக்ஸ் வழங்கல்களுடையது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது லினக்ஸின் கருவை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண ஆள் ஒன்றும் செய்ய முடியாது. கருவையும், நூற்றுக்கணக்கான மற்ற மென்பொருட்களையும் ஒன்றுசேர்த்து நிறுவத்தக்க வடிவில் கொடுப்பதுதான் வழங்கலின் வேலை. 1992இல் வந்த எஸ்எல்எஸ் அப்படிப்பட்ட முதல் தொகுப்புகளில் ஒன்று. அதில் பிழைகள் மலிந்திருந்தன. அந்த எரிச்சலில்தான் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கினார். கவனமில்லாமல் கட்டப்பட்ட பொட்டலத்துக்குப் பதிலாகக் கவனமாகக் கட்டிய பொட்டலம். ஹார்னிமனின் கதை இங்கே திரும்ப வருகிறது.

டெபியன் பெர்ல் நிரலகங்களை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் வழக்கு புரியும். சிபானில் ஒருவர் ஏற்றிய நிரலகத்தை டெபியனின் தன்னார்வலர் ஒருவர் எடுக்கிறார். உரிமம் சரியா என்று ஒவ்வொரு கோப்பாகப் பார்க்கிறார். மூலநிரலிலிருந்து புதிதாகக் கட்டுகிறார். அது எந்தெந்த நிரலகங்களை நம்பியிருக்கிறது என்று குறிக்கிறார். கோப்புகளை டெபியனின் ஒழுங்குப்படி இடம் மாற்றி வைக்கிறார். புதுப் பெயர் சூட்டுகிறார். பிறகு, பல ஆண்டுகள் அந்தப் பதிப்பிலேயே நிறுத்தி, பாதுகாப்புக் குறைகளை மட்டும் திருத்துகிறார். டெபியனின் பெர்ல் குழு இப்படி ஆயிரக்கணக்கான நிரலகங்களைப் பராமரிக்கிறது. எல்லாம் ஏற்கெனவே சிபானில் இருப்பவை. "அங்கதான் இருக்கே, ஒரு கட்டளையில இறங்கிடுமே, எதுக்கு மறுபடி கட்டுறீங்க?" என்று மொழிக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

அதற்கு வழங்கல்காரர்களின் பதிலை 2002ஆம் ஆண்டில் காணலாம். கோப்புகளைச் சுருக்கும் இசட்லிப் என்ற சிறு நிரலகத்தில் அந்த ஆண்டு மார்ச் மாதம் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. இசட்லிப் எங்கும் நிறைந்த பொருள். அதைப் பொதுவில் ஒரே பிரதியாக வைத்திருந்த மென்பொருட்களுக்கு அந்த ஒரு பிரதியைத் திருத்தினால் போதுமாக இருந்தது. ஆனால் பல மென்பொருட்கள் இசட்லிப்பை நகலெடுத்துத் தம் வயிற்றுக்குள் வைத்திருந்தன. எங்கெங்கே நகல் இருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. ஒரே பிரதி, ஒரே இடம், ஒரே திருத்தம் என்ற கொள்கையை வழங்கல்கள் இறுகப் பிடித்துக்கொண்டதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம்.

*

எதிர்த்தரப்பின் வாதமும் பலமானதுதான். முதல் புகார், பழசு. டெபியனின் நிலையான பதிப்பு ஒன்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். அதில் இருக்கும் நிரலகம் அந்த இரண்டு ஆண்டுகளும் உறைந்தே இருக்கும். எழுதியவர் எப்போதோ சரிசெய்த பிழைக்கு இன்னும் கடிதம் வந்துகொண்டே இருக்கும். "அது பழைய பதிப்பு, புதுசை எடுத்துக்கோங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போவார். ரூபிக்காரர்களுக்கும் டெபியனுக்கும் 2000களின் இறுதியில் நடந்த சண்டையின் சாரம் இதுதான்.

இரண்டாவது புகார் இதைவிடக் கனமானது: கட்டுகிறவர் கை வைத்தால் என்ன ஆகும்? 2006இல் டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர், ரகசியக் குறியீட்டுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஒரு மாற்றம் செய்தார். பிழை தேடும் கருவி ஒன்று தந்த எச்சரிக்கையை நீக்குவதற்காக. செய்வதற்கு முன் மூல ஆசிரியர்களின் மடற்குழுவில் கேட்கவும் செய்தார். கிடைத்த பதில் தெளிவாகத் தடுக்கவில்லை. அந்த மாற்றத்தால், சாவி உருவாக்கும்போது கலக்க வேண்டிய தற்செயல்தன்மை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. குறிப்பிட்ட ஒரு வகைக் கணினியில், குறிப்பிட்ட நீளத்தில் உருவாகக்கூடிய சாவிகள் சுமார் 32,000 மட்டும். ஒரு கணினி அவற்றையெல்லாம் முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடலாம். 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. டெபியனிலும் அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவிலும் உருவான சாவிகளைத் தேடித்தேடிக் களைய வேண்டியிருந்தது. மூல நிரலகத்தில் குறை இல்லை. பொட்டலம் கட்டிய கையில்தான் குறை.

அப்படியானால் நடுவில் ஆளே வேண்டாம், நேரே வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு தேதி இருக்கிறது: 2016 மார்ச் 22. என்பிஎம் களஞ்சியத்தில் லெஃப்ட்-பேட் என்று ஒரு நிரலகம் இருந்தது. பதினோரு வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அதை எழுதியவருக்கும் களஞ்சிய நிர்வாகத்துக்கும் வேறொரு நிரலகத்தின் பெயர் தொடர்பாகத் தகராறு. கோபத்தில் அவர் தன்னுடைய நிரலகங்கள் எல்லாவற்றையும் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். லெஃப்ட்-பேடை நம்பிய நிரலகங்கள், அவற்றை நம்பிய நிரலகங்கள் என்று உலகமெங்கும் மென்பொருள் கட்டும் வேலைகள் சில மணி நேரம் நின்றன. விளைவித்தவர் கதவைச் சாத்தினால் வாங்குபவருக்கு ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு கிடங்கு இருந்திருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்தேயிருக்காது.

*

இதெல்லாம் எங்கோ நடக்கும் நிபுணர்களின் சண்டை, நமக்கு என்ன என்று வாசகர் நினைக்கலாம். தமிழுக்கு இதில் நேரடியான பங்கு இருக்கிறது.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானிடம் இந்தச் சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் ஐந்து என்றுதான் சொல்லும். எழுத்தெண்ணி ஒரு சொல் விளையாட்டு செய்யவோ, சீர் பிரிக்கவோ இது உதவாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகங்கள் இருக்கின்றன. அது பைபிஐயில் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் ஒரு கட்டளையில் இறக்கிக்கொள்வார். இது முதல் வழி, இதற்கு அது போதும்.

ஆனால் 'தேயிலை' என்ற சொல்லைப் படத்தில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லில் இரண்டு இடத்தில் சிக்கல். 'தே'யின் இரட்டைக்கொம்பும் 'லை'யின் ஐகாரக் குறியும் யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகின்றன. திரையில் முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தனி நிரலகங்கள் வேண்டும். பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ என்ற நிரலகம் அந்த வேலைக்கு ராக்ம் என்ற இன்னொன்றை நம்பியிருக்கிறது. ராக்ம் ஹார்ஃப்பஸ்ஸையும் ஃப்ரிபிடியையும் நம்பியிருக்கிறது. ராக்ம் இல்லையென்றால் பில்லோ பிழை என்று எதுவும் சொல்லாது. கொம்பைப் பின்னால் தூக்கிப்போட்டு எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆங்கிலம் எழுதுபவருக்கு இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது.

பில்லோவின் நேரடிப் பொதிகளில் ராக்ம் சேர்ந்தது 2021இல், 8.2.0 பதிப்பில். அப்போதும் ஃப்ரிபிடி கணினியிலேயே இருக்க வேண்டும், அதாவது பெரும்பாலும் வழங்கலிடமிருந்து வர வேண்டும். தமிழில் ஒரு சொல் சரியாக வர, மொழிக் களஞ்சியத்தின் பொதியும் வழங்கலின் பொதியும் கைகோக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சந்திப்பில் யாராவது ஒருவர் விலகினால் நம் கொம்பு இடம் மாறும்.

ஹார்ஃப்பஸ்ஸின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. 2000களின் தொடக்கத்தில் லினக்ஸில் தமிழ் ஒரு செயலியில் சரியாகத் தெரியும், அடுத்ததில் உடையும். எழுத்துகளை வடிவமைக்கும் வேலையைக் க்னோம் பக்கம் பாங்கோவும், கேடிஇ பக்கம் க்யூட்டியும் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்றதற்குப் போகாது. அந்தத் துண்டுகளை ஒன்றாக்கும் முயற்சியாக ஹார்ஃப்பஸ் வளர்ந்தது. இப்போது ஒரு குறையை அதில் திருத்தினால், வழங்கலின் பொதுப் பிரதியை நம்பும் எல்லாச் செயலிகளிலும் தமிழ் ஒரே நாளில் சரியாகிவிடும். தன் வயிற்றுக்குள் பழைய நகலை வைத்திருக்கும் செயலியில் மட்டும் பழைய குறை நீடிக்கும்.

விசைப்பலகை விஷயத்தில் தமிழர்கள் இந்த இரண்டு வழிகளையும் பார்த்தவர்கள். விண்டோஸில் பலரைத் தமிழ் எழுத வைத்த எ-கலப்பை, அதன் ஆரம்பப் பதிப்புகளில், மறுபொட்டலம்தான். டாவுல்ட்சாஃப்ட் கீமேன் என்ற வேறொருவருடைய இயந்திரத்தைத் தமிழ் விசைப்பலகைகளோடு சேர்த்துக் கட்டி, ஒரே நிறுவலாகத் தமிழா குழுவினர் கொடுத்தார்கள். கீமேனைத் தேடி, விசைப்பலகையைத் தனியே தேடிச் சேர்க்கச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் செய்திருப்பார்கள்? இயந்திரம் அடுத்தவருடையதாக இருந்ததால் வந்த கட்டுப்பாடும் இருந்தது. பின்னால் அவர்கள் சொந்தமாகத் திறந்தமூலத்தில் எழுதிக்கொண்டார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியவர். நாங்கள் அதைத் தேடிப் போய் வாங்கி நிறுவிய காலம் உண்டு. பின்னர் ஆப்பிள் அவருடைய இணைமதி எழுத்துருவையும் அஞ்சல் விசைமுறையையும் தன் கணினிகளில் சேர்த்தே அனுப்பத் தொடங்கியது. அதன் பிறகு யாரும் எதையும் தேட வேண்டியதில்லை, பெட்டியைத் திறந்தால் தமிழ் உள்ளே இருந்தது. தமிழ் எழுத நினைத்தவர்களும், எழுத நினைக்காமலேயே ஒருநாள் எழுதிப் பார்த்தவர்களும் இதனால் கூடினார்கள். தேடிப் போய் நிறுவும் நிலையில் முதல் வகையினர் மட்டும்தான் இருந்திருப்பார்கள்.

*

மலை உச்சியிலிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் இணையம் இருக்கும். சரிவுகளுக்குள் இருக்கும் தோட்டத்து வீடுகளிலும் பள்ளிகளிலும் நெடுநாள் அப்படியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளிக்குப் பழைய கணினிகளைச் சரிசெய்து கொடுத்தோம். நாங்கள் எடுத்துப்போனது டெபியன் டிவிடிகள். தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை, படம் வரையும் மென்பொருள், பிள்ளைகளுக்கான கணக்கு விளையாட்டு, இவை நம்பியிருக்கும் நிரலகங்கள் எல்லாம் அந்த வட்டுகளிலேயே இருந்தன. ஒன்றோடொன்று பொருந்தும் என்று யாரோ ஏற்கெனவே சோதித்திருந்தார்கள். இணையம் இல்லாமல் ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. ஒவ்வொரு மொழியின் களஞ்சியத்திலிருந்தும் இறக்கித்தான் நிறுவ வேண்டும் என்றால் அன்றைக்கு வெறுங்கையோடு கீழே இறங்கியிருப்போம்.

பள்ளியின் ஆசிரியை ஒருவர் கேட்டார்: "சார், நாளைக்கு இது கெட்டுப்போனா யார்கிட்ட கேக்குறது?" எந்த நிரலகம் எந்த நாட்டில் யார் எழுதியது என்று அவரிடம் சொல்வதில் அர்த்தமில்லை. டெபியன் என்ற ஒரு பெயரைச் சொல்ல முடிந்தது. குறை சொல்ல ஓர் இடம், திருத்தம் வர ஒரு வழி. அதுவே ஐம்பது ஆசிரியர்களின் ஐம்பது முகவரிகளாக இருந்தால் அது பதிலே அல்ல.

அதற்காக எல்லாவற்றையும் வழங்கல்கள் கட்டிவிட முடியுமா என்றால், எண்ணிக்கையே இடம் தராது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள். பெரிய எண்தான். ஆனால் பைபிஐயில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல், என்பிஎம்மில் இருபது லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. தன்னார்வலர்கள் சில ஆயிரம் பேர். இந்தக் கணக்கில் முழு வெற்றி சாத்தியமே இல்லை.

டெபியன் 12 வேறொரு காரியமும் செய்தது. பைத்தானின் நேரடி நிறுவியான பிப்பை, கணினியின் பொதுப் பைத்தானில் கைவைக்க விடாமல் தடுத்தது. உனக்கு வேண்டுமானால் தனி அறை ஒன்று கட்டிக்கொண்டு அதற்குள் என்ன வேண்டுமானாலும் நிறுவிக்கொள் என்று சொன்னது. பைத்தான் சமூகமும் வழங்கல்களும் பேசி, பெப் 668 என்ற ஆவணத்தில் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. முதலில் பலர் எரிச்சல்பட்டார்கள். எனக்கு இது நல்ல வேலியாகவே தோன்றுகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் வழங்கல் பொறுப்பு, அந்தப் பக்கம் நீயே பொறுப்பு. யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு இந்த வழக்கில் முதல்முறையாக எழுத்தில் ஒரு விடை கிடைத்தது.

*

அடுத்த ஆண்டே அந்த விடைக்குச் சோதனை வந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் இன்னொரு நிரலகம். பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே ஒருவர், சம்பளமில்லாமல், பராமரித்து வந்தார். அவர் சோர்ந்துபோன நேரத்தில், உதவிக்கு வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை பெற்று, வெளியிடும் உரிமையும் பெற்றார். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு இருந்தது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அதை வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததில் அவருக்குச் சிக்கியது.

இந்தக் கதையை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகச் சொல்கிறார்கள். இரு தரப்பும் பாதி சரி. கள்ளக் கதவின் இலக்கு ஓப்பன்எஸ்எஸ்எச். அதன் மூல ஆசிரியர்கள் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்தவே இல்லை. டெபியனும் ஃபெடோராவும் தம் வசதிக்காகச் சேர்த்த ஒரு ஒட்டுதான் சிஸ்டம்டி நிரலகம் வழியாக எக்ஸ்இசட்டை உள்ளே இழுத்து வந்தது. கட்டுகிறவரின் கை ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அதே சமயம், அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைப் பிரிவுகளைத் தாண்டி நிலையான பதிப்புக்கு வரவில்லை. எல்லோரும் கிண்டல் செய்யும் அந்தப் 'பழசு'தான் நிலையான பதிப்பை ஓட்டிய சர்வர்களைக் காப்பாற்றியது. இன்னொரு விவரமும் உண்டு. கள்ளக் கதவை இயக்கும் முக்கியத் துண்டு பொது மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. ஆசிரியர் பெயரில் கட்டி வெளியிட்ட பொட்டலத்தில்தான் இருந்தது. விளைவித்தவர் நேரே தரும் பொட்டலம் தானாகவே சுத்தமானது என்ற நம்பிக்கையும் அன்றோடு போனது.

என் முடிவைச் சொல்கிறேன். பயனர் தேர்ந்தெடுக்காத, குறை இருந்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாத நிரலகங்களை வழங்கல்கள்தான் கட்ட வேண்டும். ரகசியக் குறியீடு, கோப்புச் சுருக்கம், எழுத்துரு, எழுத்து வடிவமைப்பு எல்லாம் இந்த வகை. ஒரு பிரதி, ஒரு பொறுப்பாளர். தமிழின் அடிப்படை வசதிகள் முழுக்க இதற்குள் வருகின்றன. வழங்கல் தரும் செயலிகள் நம்பியிருக்கும் நிரலகங்களும் அப்படியே. நிரலாளர் தன் திட்டத்துக்குத் தானே தேர்ந்தெடுத்து, தானே பதிப்பைப் பார்த்துக்கொள்ளும் நிரலகங்களை மொழிக் களஞ்சியத்திடம் விட்டுவிடலாம். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர், அவருக்குத் தெரிந்தே இருக்கிறார்.

கட்டுகிறவர் தான் செய்த மாற்றத்தை மறைக்கக் கூடாது என்பதும் அவசியம். டெபியனின் மூலப் பொதிகளில் ஆசிரியர் தந்தது அப்படியே ஒரு கோப்பாகவும், டெபியன் செய்த ஒவ்வொரு மாற்றமும் தனியாகவும் இருக்கும். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். தேயிலை கலப்பவர்கள் எந்தத் தோட்டத்துத் தூள் எவ்வளவு என்று பொட்டலத்தில் போட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மென்பொருள் கட்டுபவர்கள் தேயிலைக்காரர்களைவிட நேர்மையானவர்கள். இரண்டு பெயரும் பொட்டலத்தில் இருக்கின்றன.

ஆனால் பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதை எக்ஸ்இசட் காட்டியது. அந்த ஆசிரியரின் பெயர் எல்லா வழங்கல்களிலும் இருந்தது. அவர் சோர்ந்துபோனதைக் கவனிக்கத்தான் யாரும் இல்லை. தமிழ் நிரலகங்கள் பலவும் இன்று ஒருவர் அல்லது இருவரின் மாலை நேரங்களில்தான் உயிர்வாழ்கின்றன. வழங்கலில் அவற்றைக் கட்டும் தன்னார்வலர் அந்த ஆசிரியருக்கு இரண்டாவது ஜோடிக் கண்கள். அவர் உரிமத்தைப் படிக்கிறார், கட்டிப் பார்க்கிறார், உடைந்தால் சொல்கிறார், ஆசிரியர் காணாமல்போனால் கவனிக்கிறார். தமிழ் தெரிந்த நிரலாளர்கள் புதிதாக இன்னொரு நிரலகம் எழுதுவதைவிட, இருக்கும் ஒன்றை ஏதாவதொரு வழங்கலில் கட்டிப் பராமரிக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்வது இப்போது அதிகம் உதவும். பெரிய பெயர் கிடைக்காது. ஆனால் மலையில் ஒரு பிள்ளை 'தேயிலை' என்று எழுதும்போது கொம்பு சரியான இடத்தில் நிற்கும். நிற்கவில்லையென்றால், கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பார்.